பலகை மாறிற்று, பள்ளி?

கடைசி ஐந்து விழுக்காட்டிலே கிடக்கும் பள்ளிகளை, ஐந்தே ஆண்டுகளில் முதல் இருபத்தைந்து விழுக்காட்டுக்குள் உயர்த்திக் காட்டுவோம் என்றனர். தேர்தல் மேடையில் முழங்கியதன்று இது. அமெரிக்காவின் டென்னசி மாநில அரசு வகுத்த திட்டம்! 2010இல் சட்டம் இயற்றினர். மைய அரசு நடத்திய கல்விப் போட்டியிலே வென்று, ஏறத்தாழ 50 கோடி டாலரும் பெற்றனர். மாநிலமே நேராக ஆளும் புதிய அமைப்புக்குச் 'சாதனைப் பள்ளி மாவட்டம்' எனப் பெயரிட்டனர். குழந்தை பிறக்குமுன்பே பட்டமளிப்பு விழா!

2012இல் ஆறு பள்ளிகள். பிறகு முப்பதுக்கும் மேல். அவற்றுள் பெரும்பாலானவை மெம்பிஸ் நகரில். எந்த மெம்பிஸ்? துப்புரவுத் தொழிலாளர் மனிதராய் மதிக்கப்பட வேண்டுமென்று போராடியபோது, துணை நிற்கச் சென்ற மார்ட்டின் லூதர் கிங் 1968இல் சுட்டு வீழ்த்தப்பட்டாரே, அந்த மெம்பிஸ். அங்கே பள்ளிகளை இழந்த பகுதிகள் கறுப்பின ஏழை மக்களின் குடியிருப்புகள். அவர்கள் வாக்களித்து அமைத்த கல்விக் குழுவின் கையிலிருந்து பள்ளிகள் பறிக்கப்பட்டன. பெரும்பாலானவை, அரசுப் பணத்திலே தனி நிருவாகம் நடத்தும் 'சார்ட்டர்' அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பெற்றோர் கூட்டங்களில் எழுந்து நின்று எதிர்த்தனர். ஆசிரியர்களோ, தாம் பணியாற்றிய பள்ளியிலேயே வேலைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியவராயினர். பலர் வெளியேறினர். பின்வந்தவர்களும் நிலைக்கவில்லை.

இந்த முறைக்கு முன்மாதிரி லூசியானா. 2005ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்சுப் பள்ளிகளை அம்மாநில அரசு எடுத்துக்கொண்டது. 7,000க்கும் மேற்பட்ட பணியாளர் நீக்கப்பட்டனர். அங்கே மதிப்பெண் உயர்ந்தது உண்மை, மறைப்பானேன்? ஆனால் அங்கே பிள்ளைகள் நகரின் எந்தப் பள்ளியையும் தேர்ந்து சேரலாம். மெம்பிசிலோ, அந்தந்தப் பகுதிப் பிள்ளைகளை அந்தந்தப் பள்ளியே ஏற்க வேண்டும். வாடகை தர இயலாமல் ஆண்டின் நடுவே வீடு மாறும் குடும்பத்தின் பிள்ளையும் அதில் அடக்கம். இத்தகைய பள்ளியில் பயன் காண்பது மிகக் கடினம் என்று, திட்டத்தின் முதல் தலைவர் கிறிஸ் பார்பிக் 2015இல் பதவி விலகலை அறிவித்தபோது ஒப்புக்கொண்டார். வகுப்பில் ஒரு பருவம் நின்ற எவரும் அதனை 2010இலேயே சொல்லியிருப்பர். கேட்டால்தானே!

அதே நகரில், அதே ஏழைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, உள்ளூர்க் கல்விக் குழு வேறொரு முயற்சி செய்தது. பள்ளிகள் அதன் கையிலேயே இருந்தன. திறமையுள்ள தலைமையாசிரியரைத் தேடி அமர்த்தினர். நல்லாசிரியர்க்கு ஊக்கத்தொகை தந்தனர். பள்ளி நேரத்தை நாள்தோறும் ஒரு மணி நீட்டினர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015இல் இரண்டையும் ஒப்பிட்டனர். உள்ளூர் முயற்சியில் நல்ல முன்னேற்றம். 'சாதனை'யிலே குறிப்பிடத்தக்க சாதனை எதுவும் இல்லை!

உள்ளூர்த் திட்டமும் குறையற்றதன்று. அது நல்லாசிரியரைத் திரட்டியது நகரின் பிற பள்ளிகளிலிருந்து. ஆசிரியரை இழந்த அப்பள்ளிகள் சற்றே சரிந்தன எனப் பின்னர் வந்த ஆய்வு காட்டிற்று. ஒரு வயலுக்கு நீர் பாய்ச்ச மறு வயலின் மடையை அடைத்த கதைதான். ஆயினும் அத்திட்டத்தை வகுத்தவர்க்கு ஒன்று விளங்கியிருந்தது: பிள்ளைக்குப் பாடம் சொல்பவர் யார், அவர் அடுத்த ஆண்டும் இருப்பாரா என்பதே கேள்வி. தலைநகரில் அமர்ந்தோர் கேட்டதோ, சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று! அதிகாரத்தைத் திருத்தமென்று எண்ணினர். உரிமையாளரை மாற்றினால் எழுத்தறிவு தானே வருமென்று எண்ணினர். தோல்விக்குக் காரணம் ஊராரும் ஆசிரியருமே என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதியவர்கள், வறுமையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை.

2025இல் அச்சட்டமன்றமே இந்தச் 'சாதனை' மாவட்டத்தை முடித்துவைக்கச் சட்டம் செய்தது. அதே 2025இல், மெம்பிஸ் கல்விக் குழுவின் தலைமீதே ஒரு மேற்பார்வை வாரியத்தை ஏற்றிவைக்கும் மசோதாவும் அதே மன்றத்துக்கு வந்தது. ஈரவைகளும் வெவ்வேறு வடிவில் நிறைவேற்றின. இரண்டும் இசையாமையால் அவ்வாண்டு அது சட்டமாகவில்லை.