குடோனைப் பாதியாக்கினால்

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் நம் ஊர்ச் சரக்கு விற்கும் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், சற்று நேரத்தில் வாடகையில் வந்து நிற்கும். ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய கடைகள் சிறியவை. மூட்டையும் பெட்டியும் அதற்குள் அடங்காது. பின்சந்தில் ஏதோ ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் குடோன் பிடித்திருப்பார்கள். வியாபாரம் மந்தமானால் முதலில் கண்ணை உறுத்துவது அந்தக் குடோன்தான். பாதி இடத்தைக் காலி செய்தால் பாதி வாடகை மிச்சம் என்று தோன்றும்.

அந்த எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. பல கடைகளுக்கு அது நல்ல மருந்து. இடம் தாராளமாக இருந்தால் கொள்முதலும் தாராளமாகிவிடும். விலை சல்லிசு என்று வாங்கிப் போட்ட ஊறுகாய்ப் பெட்டி மூலைக்குப் போகும், அதன் முன்னால் வேறு மூட்டை அடுக்கப்படும், கெடு தேதி முடிந்தபிறகுதான் பெட்டி மறுபடி வெளியே வரும். கொல்கத்தாவின் ஈரக்காற்று வேறு. ஆடி, ஆவணியில் அப்பளக் கட்டின் ஓரம் நமுத்துப் பூசணம் பூக்கும். தரையோடு கிடக்கும் அடிவரிசை மூட்டையைப் புரட்டினால் சாக்கு கையோடு பிய்ந்து வரும். 2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் நகரில் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நவராத்திரி தொடங்கிய நேரம், துர்கா பூஜைக்கு இன்னும் சில நாட்கள். தெற்குக் கொல்கத்தாவின் தெருக்களில் முழங்கால் தண்ணீர். அப்படிப்பட்ட இரவில் தரைத்தளத்தில் குறைவாக வைத்திருந்தவருக்கே நஷ்டம் குறைவு.

வரியும் இதே பக்கம்தான் தள்ளுகிறது. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டியில் பதிவு செய்யாத வீட்டுக்காரரிடம் வணிக இடம் எடுத்தால், பதிவு பெற்ற வியாபாரியே வாடகைக்கு 18 சதவீத வரியைக் கட்ட வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பின்னால் விலக்குக் கிடைத்தது. மற்றவர்கள் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆனால் வாழை இலை, பூ, அப்பளம், சில்லறையாக அளந்து விற்கும் அரிசி எல்லாம் வரியில்லாச் சரக்கு. விற்பனையில் அந்தப் பங்கு எவ்வளவோ, அவ்வளவுக்குக் கழிவு கிடையாது. லேக் மார்க்கெட் கடைக்குப் பெரிய குடோன் கூடுதலாகச் சுடுவதற்கு இதுவும் காரணம்.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும், சதுர அடியை மட்டும் பார்த்துக் குறைப்பது தவறு என்றே நினைக்கிறேன். எந்தச் சரக்குக்காக அந்த இடம் என்பதுதான் முதல் கேள்வி. வாழை இலைக்கும் மல்லிகைக்கும் குடோனே வேண்டாம், வந்த அன்றே போக வேண்டியவை. காப்பிப் பொடிக்கும் வேண்டாம், வறுத்து அரைத்தால் மணம் சில வாரம்தான். ஆனால் பச்சைக் காப்பிக்கொட்டை உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் தாங்கும். புளி மாசி, பங்குனியில் புதுசாக வரும். அப்போது வாங்கி வைத்தவர் ஐப்பசியில் விற்கும் விலையில் குடோன் வாடகையும் வந்துவிடும். அரிசியோ பழசாகப் பழசாக மதிப்புக் கூடும் சரக்கு. சோறு உதிரி உதிரியாக வரவேண்டும் என்று பழைய அரிசி கேட்டு வரும் மாமிகள் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அந்த மூட்டை கிடக்கும் இடம் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது. அதை வெறும் செலவு என்று எழுதுவது கணக்குப் பிழை.

இடத்தைக் குறைத்தால் நடை கூடும் என்பதையும் சேர்க்க வேண்டும். ஒரு கணக்குக்கு 600 சதுர அடிக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதியாக்கினால் 7,500 மிச்சம். மாதம் ஒருமுறை வந்த லோடு இனி மூன்றாகப் பிரிந்து வரும். ஹவுராவிலிருந்து டெம்போ, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்து நடைக்கு 2,000 என்றால், கூடுதல் இரண்டு நடைக்கே 4,000 போய்விட்டது. சின்ன ஆர்டருக்கு மொத்த வியாபாரி தள்ளுபடியையும் குறைப்பார். கையில் நிற்பது சொற்பம்.

அதைவிடப் பெரியது தூரம். சென்னைக்கும் ஹவுராவுக்கும் இடையே 1,650 கிலோமீட்டருக்கு மேல். 2023 ஜூன் 2ஆம் தேதி பாலசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானபோது அந்தத் தடமே இரண்டு நாளுக்கு மேல் முடங்கியது. அங்கே போன உயிர்களுக்கு முன்னால் சரக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் இங்குள்ள வியாபாரம் எந்த ஒற்றை நூலில் தொங்குகிறது என்பது அப்போது தெரிந்தது. தேவைக்கேற்ப வரவழைக்கும் முறையை உலகுக்குக் கற்றுக்கொடுத்த டொயோட்டாவே 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, சில்லுகளை மாதக்கணக்கில் இருப்பு வைக்கச் சொன்னது.

பெரிய நிறுவனங்கள் குடோன்களைக் குறைக்கவில்லையா என்று கேட்பார்கள். குறைத்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை, மாநிலம் தாண்டிய விற்பனைக்கான 2 சதவீத மத்திய விற்பனை வரியைத் தவிர்க்க மாநிலத்துக்கொரு குடோன் வைத்திருந்தார்கள். அந்தத் தேவை போனதும் சிறியவற்றை மூடி, டான்குனி போன்ற நெடுஞ்சாலையோர இடங்களில் பெரிதாக எடுத்தார்கள். இடத்தை மாற்றினார்களே தவிர இருப்பைக் கைவிடவில்லை. இப்போது விரைவு டெலிவரி நிறுவனங்களான பிளிங்கிட்டும் செப்டோவும் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே குடோன் பிடிக்கின்றன. வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு அது ஏற்கெனவே கையில் இருக்கிறது.

கையில் இருப்பதை விட்டால் திரும்பக் கிடைக்குமா என்பது கொல்கத்தாவில் தனிக் கேள்வி. மேற்கு வங்கத்தின் 1997ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், நகரில் மாத வாடகை 10,000 ரூபாயைத் தாண்டாத வணிக இடங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. சலாமி என்ற முன்தொகையை மொத்தமாகக் கொடுத்துப் பிடித்த பழைய இடங்கள் பல இன்னும் அந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தைக் காலி செய்தால், அடுத்த வருஷம் அதே சந்தில் அதே வாடகைக்குக் கேட்க முடியாது. அதனால் பழைய இடத்தைக் கடைசிவரை விடக்கூடாது. புதிதாக, சந்தை வாடகைக்கு எடுத்த இடத்திலிருந்து குறைக்கத் தொடங்கலாம். பாதியைப் பக்கத்துக் கடைக்கு உள்வாடகைக்கு விட நினைப்பவர், வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. வெளியேற்ற அது ஒன்றே போதும்.

கடைசியாக, கொலு பொம்மை. எடை குறைவு, அடைத்துக்கொள்ளும் இடம் அதிகம், விற்பனை சில வாரம். அதற்காக வருஷம் முழுவதும் பெரிய குடோன் வைத்திருப்பது வீண். ஆனால் பங்குனியில் நிறைந்த புளி, ஆவணிக்குள் பாதி கரைந்திருக்கும். அந்த இடம் பொம்மைப் பெட்டிக்குப் போதவில்லை என்றால், ஆவணி, புரட்டாசி இரண்டு மாதத்துக்கு மட்டும் மாடியில் ஓர் அறை கேட்டுப் பார்க்கலாம். அந்த மழைக்காலத்தில் மண் பொம்மை இருக்கவேண்டிய இடமும் மாடிதான்.