முடிவு எவருக்கு உரியது? - 'பிரேசில்' ஒளித்தட்டுப் பதிப்பு

ஒரு நூலுக்குப் பல சுவடிகள் கிடைக்குமாயின், அவற்றை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்துக் காட்டி வெளியிடுவது பதிப்பாசிரியரின் கடமை என்பதை நம் இலக்கிய உலகம் நெடுங்காலமாக ஏற்றுக் கொண்டுள்ளது. எந்த அடி விடுபட்டது, எந்த அடியைப் பின்னாளில் எவரோ இடையில் செருகினர் என்பதை அடிக்குறிப்பிலே கண்டு வாசகர் தெளிவடைகின்றனர். திரைப்படத்திற்கு இந்த மரியாதை வெகுநாள் வரை கிட்டவில்லை. அரங்கில் ஓடியது ஒன்று, தொலைக்காட்சியில் காட்டப்பட்டது மற்றொன்று, வீட்டில் பார்ப்பதற்கென வீடியோ நாடாவில் விற்கப்பட்டது வேறொன்று. மூன்றுக்கும் பெயர் மட்டும் ஒன்றே. இவற்றுள் படைத்தவர் தந்தது எது, விற்றவர் வெட்டியது எது என்று அறியப் பார்ப்பவருக்கு வழியில்லாதிருந்தது.

இந்நிலையை மாற்ற முற்பட்ட வெளியீடுகளுள் தலையாயதென நாம் கருதுவது, டெர்ரி கில்லியம் இயக்கிய 'பிரேசில்' என்னும் ஆங்கிலப் படத்திற்கு அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனத்தார் கொண்டுவந்த பதிப்பாகும். 1996இல் ஐந்து லேசர் டிஸ்க்குகளாகவும், 1999இல் மூன்று டி.வி.டி.க்களாகவும், 2012இல் இரண்டு ப்ளூ-ரே தட்டுகளாகவும் அது வெளிவந்தது. ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொள்வது அந்த 2012ஆம் ஆண்டுப் பதிப்பையே.

படத்தை அறியாத வாசகர்களுக்காகக் கதையின் போக்கைச் சிறிது சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் எங்கோ ஓரிடம்; எல்லாவற்றுக்கும் படிவமும் முத்திரையும் கேட்கும் ஓர் அரசு. அலுவலகம் ஒன்றிலே எழுத்தர் ஒருவர் ஈயை அடிக்கிறார். செத்த ஈ அச்சிடும் பொறிக்குள் விழுகிறது. 'டட்டில்' என்று அடிக்கப்பட வேண்டிய பெயர் 'பட்டில்' என்று அடிக்கப்பட்டு விடுகிறது. ஓரெழுத்துப் பிழை! அதன் விளைவாக, ஒரு பாவமும் அறியாத பட்டில் என்பவரின் வீட்டுக் கூரையைத் துளைத்துக் கொண்டு காவலர் இறங்குகின்றனர். மனைவி மக்கள் கண்ணெதிரே அவரைச் சாக்கிலிட்டுக் கட்டித் தூக்கிச் செல்கின்றனர். கொண்டுபோன கணவனுக்கு மனைவியிடம் முறைப்படி ரசீதும் கொடுக்கிறார் அதிகாரி. விசாரணையில் பட்டில் மாண்டு போகிறார். அவர் நெஞ்சு பலவீனமானது. ஆனால் விசாரித்தவர் கையிலிருந்ததோ டட்டிலின் கோப்பு. டட்டிலின் நெஞ்சில் கோளாறு எதுவும் இல்லையே!

இதற்குப் பின்னர் நடப்பது இன்னும் கொடியது. இன்னும் சிரிப்பூட்டுவதும் அதுவே. அந்த அரசு, விசாரணைக்கு ஆகும் செலவை விசாரிக்கப்படுபவரிடமே வசூலிப்பது. தவறான கணக்கில் பற்று எழுதப்பட்டு விட்டதால், அத்தொகையைத் திருப்பித் தரும் காசோலையுடன் சாம் லோரி என்னும் எழுத்தர் அந்த விதவையின் வீட்டுக்குச் செல்கிறார். பணம் திரும்புகிறது என்பதால் அம்மையார் மகிழ்வார் என்றே அவர் நம்புகிறார். அவரோ கணவரின் உடலை என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார். ஜோனதன் பிரைஸ் ஏற்று நடித்த அந்தச் சாம் லோரி கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் நமக்கு இத்துணைச் சங்கடம் நேர்ந்திராது. கையொப்பம் வாங்க வேண்டிய இடத்தை விரலால் சுட்டிக்கொண்டு நிற்கும் அவர் முகத்தில், நம்முள் எத்தனையோ பேரின் முகம் தெரிகிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை அடுக்குமிடத்து நகையை முதலில் வைத்து, அதற்கு அடுத்தே அழுகையை வைத்தார். இப்படத்தில் அவ்விரண்டுக்கும் இடையே அந்த இடைவெளிகூட இல்லை. சிரித்த வாயை மூடுவதற்குள் சிரித்ததற்காக நாணுகிறோம். உணவு விடுதியிலே குண்டு வெடிக்கிறது. இசைக்குழுவினர் மீண்டும் வாசிக்கத் தொடங்குகின்றனர். காயமுற்றோர் உண்பவர் கண்ணில் படாதிருக்கப் பணியாளர் ஒரு தட்டியைக் கொணர்ந்து மறைக்கிறார். மைக்கேல் பேலின் ஏற்ற ஜாக் லிண்ட் என்னும் பாத்திரமோ குடும்பப் பாசம் மிக்கவர், இனிய நண்பர், தொழில் சித்திரவதை. தவறான ஆளை அனுப்பியது வேறு துறை, வந்த ஆளைத் தாம் முறையாகவே கவனித்ததாக அவர் அமைதியாக விளக்கும் இடம் ஒன்று போதும், இப்படம் எதைப் பற்றியது என்பதற்கு.

முடிவிலே சாம் கைதாகிறார். நாற்காலியில் கட்டப்படுகிறார். அப்போது டட்டிலும் தோழர்களும் கயிற்றில் இறங்கி வந்து அவரை மீட்கின்றனர். காதலியுடன் அவர் நகரை நீங்கிப் பசுமை சூழ்ந்த நாட்டுப்புறத்தை அடைகிறார். உடனே திரையில் அதிகாரிகள் இருவரின் முகங்கள் தோன்றுகின்றன. மீட்பு முழுவதும் கனவு. சாம் அந்த நாற்காலியிலேயே அறிவு கலங்கி, ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.

இந்த முடிவை முன்னிட்டே 1985இல் பெரும் பிணக்கு மூண்டது. ஒன்றரைக் கோடி டாலர் அளவில் எடுக்கப்பட்ட இப்படத்தின் வட அமெரிக்க உரிமை யூனிவர்ஸல் நிறுவனத்திடமும், ஏனைய நாடுகளின் உரிமை ஃபாக்ஸ் நிறுவனத்திடமும் இருந்தன. ஃபாக்ஸ் 142 நிமிடப் படத்தை அப்படியே வெளியிட்டது. யூனிவர்ஸலின் தலைவர் சிட் ஷெயின்பெர்க் அதை ஏற்கவில்லை. படத்தைச் சுருக்க வேண்டும், மக்கள் மகிழ்ந்து எழுந்து செல்லும்படி முடிக்க வேண்டும் என்பது அவர் நிலை. ஒப்பந்தப்படி படம் 125 நிமிடத்தைக் கடந்திருத்தல் ஆகாது என்பதால், சட்டம் ஓரளவு அவர் பக்கமே நின்றது. கில்லியம் 'வெரைட்டி' இதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, என் படத்தை எப்போது வெளியிடப் போகிறீர்கள் என்று ஷெயின்பெர்க்கைப் பெயர் சொல்லியே வினவினார். நிறுவனத்தின் இசைவின்றி மாணவர்க்கும் விமர்சகர்க்கும் படத்தைப் போட்டும் காட்டினார். அமெரிக்க அரங்கு எதிலும் இன்னும் வெளிவராத அப்படத்தை, லாஸ் ஏஞ்சலஸ் திரை விமர்சகர் சங்கத்தினர் அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தனர். அதன் பின்னரே, 1985 டிசம்பரில், கில்லியம் தாமே குறைத்துத் தந்த 132 நிமிடப் பதிப்பு அமெரிக்காவில் திரைக்கு வந்தது. ஷெயின்பெர்க் விரும்பிய வண்ணம் வெட்டப்பட்ட 94 நிமிடப் பதிப்போ பின்னர்த் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது.

கிரைட்டீரியன் பதிப்பின் பெருமை இங்கேதான் இருக்கிறது. முதல் தட்டில் 142 நிமிடப் படத்தையும் கில்லியமின் விளக்கவுரையையும் தந்தவர்கள், இரண்டாம் தட்டில் அந்த 94 நிமிடப் பதிப்பையும் முழுமையாகச் சேர்த்திருக்கின்றனர். அதற்கு 'காதலே வெல்லும்' என்று பொருள்படும் ஏளனப் பெயர் ஒன்று வழங்குகிறது. எதிரியின் பிரதியையும் உடன் வைத்துப் பதிப்பிக்கும் இத்துணிவு பாராட்டத்தக்கது. அதற்குத் தனியே டேவிட் மார்கன் என்பவரின் விளக்கவுரையும் உண்டு. எந்தக் காட்சி நீங்கியது, எங்கே வேறு முறை எடுக்கப்பட்ட காட்சி மாற்றி வைக்கப்பட்டது என்பதை அவர் வரிசையாகச் சுட்டிச் செல்கிறார். பாடபேதக் குறிப்பென்றால் இதுவன்றோ!

அந்த 94 நிமிடங்களைப் பொறுமையுடன் பார்க்குமாறு நாம் வாசகர்களை வேண்டுகிறோம். பலர் அதை ஒரு கேலிப் பொருளாக எண்ணிப் பத்து நிமிடத்தில் நிறுத்தி விடுகின்றனர். முழுதும் பார்த்தால் ஒன்று புலனாகும். வெட்டியவர்கள் மூடர்கள் அல்லர். மூலப் படத்தில் சாம் அடிக்கடி கனவு காண்கிறார்; சிறகு கட்டிப் பறக்கிறார்; இரும்புக் கவசம் பூண்ட ஒரு பேருருவோடு பொருதுகிறார். கதையோட்டத்தைத் தடை செய்கின்றன என்று எவருக்கும் தோன்றக்கூடிய அக்கனவுகளுள் பெரும்பாலானவற்றை இவர்கள் நீக்கினர். (உண்மையைச் சொல்வதானால், அவற்றுள் சில நமக்கும் நீளமாகவே பட்டன.) ஆனால் கனவு காண்பவர் என்ற நிலை சாமிடமிருந்து நீங்கியதும், இறுதி மீட்பைக் கனவென்று காட்ட இடமில்லாது போகிறது. அது நிகழ்ச்சியாகவே ஆகிவிடுகிறது. காதலர் இருவரும் நாட்டுப்புறத்தில் இனிது வாழ்கின்றனர். நாற்காலி மறைந்து விடுகிறது. முடிவை மட்டும் மாற்றினால் போதும் என்று தொடங்கிய வேலை, நடுவிலும் முதலிலும் கைவைக்காமல் நிறைவேறவில்லை என்பதை இந்த ஒப்பீடு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. கனவுக் காட்சிகள் வெறும் அலங்காரம் என்று முன்னர் எண்ணியவர்கள்கூட, அவை பார்வையாளரை இறுதி ஏமாற்றத்திற்குப் பழக்கும் படிகள் என்பதை இப்பதிப்பைக் கண்ட பின்னரே உணர்வர்.

நகைச்சுவைக்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. ரசீதும் காசோலையும் சிரிப்பூட்டுவது, இவற்றுக்கு முடிவே இல்லை என்ற அச்சம் பின்னணியில் இருப்பதனால்தான். கடைசியில் எல்லாம் நலமாக முடியும் என்றால், பட்டிலின் மரணம் காதலர் சந்திக்க நேர்ந்த ஒரு காரணம் மட்டுமாகி விடுகிறது. அந்த விதவையின் கேள்விக்கு எவரும் விடையளிக்கவில்லை என்பதே நமக்கு மறந்து போகிறது. நகையும் போய், அழுகையும் போய், ஒரு சாதாரணச் சாகசக் கதை எஞ்சுகிறது. படத்தின் பெயரோ மாறவில்லை! ஓரெழுத்து மாறிய பெயரால் ஓர் உயிர் போன கதையைச் சொன்ன படம், ஓரெழுத்தும் மாறாத பெயரோடு வேறு படமாகத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஓடியிருக்கிறது.

துணைப் பகுதிகளுள் ஜாக் மாத்யூஸ் என்னும் பத்திரிகையாளரின் ஒரு மணி நேர ஆவணப்படம் சிறப்பானது. அவர் 1987இல் இதே பிணக்கைப் பற்றி ஒரு நூலும் எழுதியவர். படப்பிடிப்பின்போதே ராப் ஹெட்டன் எடுத்த அரைமணி நேரப் படமும் சுவையானது. திரைக்கதையை எழுதிய கில்லியம், டாம் ஸ்டாப்பர்ட், சார்லஸ் மெக்கியோன் ஆகிய மூவரும் தத்தம் பங்கை எடுத்துரைக்கும் பகுதி, எழுத்தில் ஈடுபாடுடைய நம்மனோர்க்கு விருந்து. ஆடை வடிவமைப்பு, படமாக்கப்படாமற் போன கனவுகளின் சித்திரங்கள் முதலியவற்றை ஒருமுறை புரட்டினால் போதும்.

கில்லியமின் விளக்கவுரை தனியே குறிப்பிடத்தக்கது. மனிதர் சிரித்துக்கொண்டே பேசுகிறார். தம் குறும்புகளை ஒளிப்பதில்லை. எனினும், போரில் வென்றவர் எழுதிய வரலாறு அது என்பதை மறத்தலாகாது. ஒப்பந்தத்தை மீறிய நீளம் பற்றிய பேச்சு வருங்கால், இப்பெட்டி முழுவதும் வீசும் காற்று ஒரு பக்கமாகவே வீசுகிறது. ஷெயின்பெர்க் 2019இல் காலமானார். அவர் தரப்புக்காகப் பேசும் சான்று என இப்பதிப்பில் நாம் மதிப்பது அவர் வெட்டச் செய்த அந்த 94 நிமிடங்களைத்தான். அது அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது என்பது வேறு செய்தி.

படத்தின் தெளிவைப் பற்றிச் சில சொற்கள். 1999இல் வந்த டி.வி.டி.யில் படம் அகலத்திரைத் தொலைக்காட்சிக்கு ஏற்றவாறு பதியப்படாததால், நாற்புறமும் கருமை சூழ நடுவே சிறிதாகத் தெரியும் குறை இருந்தது. 2006இல் அது திருத்தப்பட்டது. ப்ளூ-ரேயில் காணும்போதுதான் இப்படத்தின் சுவர்களையும் கூரைகளையும் பிளந்துகொண்டு ஓடும் பெருங்குழாய்களின் அச்சுறுத்தல் முழுமையாக விளங்குகிறது. 14 மில்லிமீட்டர் அகலக் கோண வில்லையைக் கில்லியம் விரும்பிக் கையாள்பவர். அவர் பெயராலேயே அவ்வில்லையைத் திரைத்துறையினர் சிலர் அழைப்பதுண்டு. அது முகங்களை முன்னே தள்ளி, அறையைப் பின்னே நீட்டி, சட்டத்தின் ஓரங்களிலும் வேடிக்கைகளை நிரப்புகிறது. சுவரொட்டி வாசகங்கள், மேசை மேலிருக்கும் கோப்புகள், அண்டை அறைக்காரரோடு ஒரே மேசையைச் சுவரூடே இழுத்துப் பறித்துக்கொள்ளும் அபத்தம் ஆகியவற்றை ஓரம் நறுக்கிய பழைய வீடியோ நாடாக்களில் எங்ஙனம் காண்பது? இவ்வகையில் தட்டின் தெளிவும் ஒரு பாடத்திருத்தமே.

குறையும் ஒன்று உண்டு. அதைச் சிறிதென்று நாம் கருதவில்லை. 1985 டிசம்பரில் அமெரிக்க மக்கள் அரங்கில் கண்ட 132 நிமிடப் பதிப்பு இப்பெட்டியில் இல்லை. வென்றவரின் முழுப்பாடமும் தோற்றவரின் சிதைந்த பாடமும் இருக்க, இருவரின் இழுபறியில் பிறந்த நடுப்பாடத்தை விட்டுவிட்டனர். இருண்ட முடிவை விட்டுக்கொடாமல் பத்து நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுத்த படைப்பாளி, எந்தப் பத்து நிமிடத்தைத் தேர்ந்தார் என்பது ஆராய்வோருக்குப் பெரிதும் வேண்டப்படும் செய்தியாயிற்றே. அதனைக் காண விரும்புவோர் யூனிவர்ஸல் 2011இல் தனியே வெளியிட்ட ப்ளூ-ரே தட்டைத்தான் நாட வேண்டும். அதிலோ அந்தப் படம் மட்டுமே உள்ளது. ஒரு வரி விளக்கமும் கிடையாது. அதை மட்டும் வாங்கிப் பார்ப்பவருக்கு, தாம் காண்பது பல பாடங்களுள் ஒன்று என்ற செய்தியே எட்டாது.

வாங்கக் கருதுவோர்க்கு ஒன்று சொல்வோம். முதல் தட்டிலுள்ள படத்தை விளக்கவுரையின்றி முதலில் பார்க்க. ஓரிரு நாள் கழித்து 94 நிமிடப் பதிப்பைப் பார்க்க. ஆவணப்படத்தை அதற்குப் பின்னர் வைத்துக் கொள்ளலாம். வரிசையை மாற்றி, பிணக்கின் கதையை முதலில் கேட்டு விட்டால், கயிற்றில் இறங்கி வரும் டட்டிலைக் கண்டு ஒரு கணம் நெஞ்சு துள்ளும் அந்த வாய்ப்பு நழுவி விடும்.