ஹெரால்டை எவ்வளவு தூக்கலாம்?

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவருக்குத் திண்டிவனம் – செஞ்சி ரோட்டில் வேகத்தடைதான் எதிரி. பின்சீட்டில் இரண்டு பேர் ஏறினால் சைலன்சர் உரசுகிறது. பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வது, "வண்டியைத் தூக்கிவிடுங்க சார்." மற்ற கார்களுக்கு நல்ல யோசனைதான். ஹெரால்டின் பின்பக்கத்தை மட்டும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கக் கூடாது.

1961 முதல் வண்டலூர்ப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில் தயாரான கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கலாட்டி. நான்கு சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும். அந்தக் காலத்துச் சிறிய காருக்கு அது பெரிய விஷயம். ஆனால் பின்னால் இருப்பது டிஃபரன்ஷியலின் மேல் குறுக்கே போட்ட ஒரே பிளேட் செட் (லீஃப் ஸ்பிரிங்). ஆக்சில் மடங்கும் இடம் டிஃபரன்ஷியலை ஒட்டி மட்டுமே. அதனால் வண்டி உயர உயர, சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே வாங்கும். அந்த நிலையில் வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் மடங்கி, வண்டியின் வால் வீசும். அமெரிக்காவின் பழைய ஷெவர்லே கார்வேரிலும் இதே வகை ஆக்சில்தான். ரால்ஃப் நாடர் 1965-ல் எழுதிய புத்தகம் அதைத்தான் முதலில் பிடித்தது. ஹெரால்டைத் தயாரித்த சென்னைக் கம்பெனியே 1972-ல் கெஸல் காரைக் கொண்டுவந்தபோது இந்த அமைப்பைக் கைவிட்டு, சாதாரண ஒற்றை ஆக்சிலுக்குப் போய்விட்டது.

விழுப்புரத்தில் லாரிக்கு பிளேட் கட்டும் பட்டறைகளுக்குக் குறைவில்லை, கைத்திறனும் உண்டு. நான் போன இடத்தில் முதலில் சொன்னது, "ஒரு பிளேட் கூட்டிப் போட்டுடலாம் சார்." லாரிக்குப் பொருந்தும் வைத்தியம் அது. இங்கே பிளேட் கூட்டினால் உயரமும் கூடும், விறைப்பும் கூடும். இரண்டும் சக்கரத்தை மடக்கத்தான் உதவும். உட்கார்ந்துபோன பிளேட்டுகளுக்குப் பழைய வளைவை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். பிளேட் நுனிகளுக்கு இடையில் இருக்கும் ரப்பர் பொத்தான்களைப் புதிதாக மாற்றினோம். செட்டைக் கழற்றப் பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடித் தகட்டைத் திறக்க வேண்டும். அது தெரியாவிட்டால் அரைநாள் வீணாகும்.

அளவெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஜாக்கியை இறக்கியதும் ஹெரால்டு சரியான உயரத்தில் நிற்காது. மடங்கிய சக்கரங்கள் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியை உயரமாகவே காட்டும். கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டி, ஓட்டுநர் எடையோடு, சமதரையில் நிறுத்தி அளக்க வேண்டும். புஷ் போல்ட்டுகளையும் வண்டி தரையில் நிற்கும்போதே இறுக்க வேண்டும். பின்சக்கரம் நேராக, அல்லது மேல்பகுதி மிகச் சிறிதளவு உள்ளே சாய்ந்து நிற்கிற உயரம்தான் சரி. சைலன்சர் அதற்கு மேலும் உரசினால் சைலன்சரை மேலே தூக்கிக் கட்டுங்கள்.

முன்பக்கம் எளிது. காயில் ஸ்பிரிங்குக்குள்ளேயே ஷாக் இருக்கிறது. மரைபோட்ட வளையம் உள்ள ஷாக்கை மாட்டினால் ஸ்பேனரால் ஏற்றி இறக்கலாம். அரை அங்குலம் ஏற்றினேன். அந்த அளவே போதும். பிறகு கீழ் விஷ்போனின் ஷிம்களைச் சரிபார்த்து வீல் அலைன்மென்ட் செய்வது கட்டாயம். முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காமல் கியர் ஆயில் விடுங்கள்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரையிலான நாற்பது கிலோமீட்டர் நாற்கரச் சாலையில் வண்டி இப்போது அலையாமல் போகிறது. விக்கிரவாண்டி தாண்டி லாரிகள் கடக்கும்போது வரும் காற்றுத் தள்ளலும் குறைந்திருக்கிறது. செஞ்சி ரோட்டு வேகத்தடைகளில் இரண்டு பேரோடு உரசாமல் ஏறுகிறது. நான்கு பேர் என்றால் இன்னும் சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும். புதிய ஷாக் சிறு பள்ளங்களில் பழையதைவிட விறைப்பு. வீட்டில் பெரியவர்கள் அடிக்கடி ஏறுகிற வண்டி என்றால் முன்பக்கம் பழைய வகை ஷாக்கையே புதிதாகப் போடுவேன். பின்பக்க வேலை மட்டும் எந்த ஹெரால்டுக்கும் தேவை.