மண்டபேஸ்வர் மெட்டியோரா ஆகுமா?

மும்பையின் சுனாபட்டியில் ரயிலேறி, வடாலாவிலும் கோரேகாவிலும் வண்டி மாறினால் போரிவலி. அங்கே மண்டபேஸ்வரில் பாறையைக் குடைந்த சிவன் கோயில். அதன் தலைமேல் கூரையிழந்த கிறிஸ்தவத் துறவிமடத்தின் சுவர்கள். கிரேக்கத்தின் மெட்டியோராவை நினைவூட்டும் தோற்றம்தான். அந்த வரிசையில் வைக்கும் தகுதி அதற்கு உண்டா?

மெட்டியோராவின் செங்குத்துப் பாறைகளில் முதலில் தனித்துறவிகள் குடியேறினர். 14-ஆம் நூற்றாண்டில் அதனாசியோஸ் பெரிய மடத்தை நிறுவினார். அப்போது வலையிலும் கயிற்றேணியிலும்தான் ஏற முடிந்தது. படிகள் வெட்டியது 1920-களில். 24 மடங்களில் இன்று இயங்குபவை 6. அரச ஆதரவே இல்லாத இடம் என்று சொல்லிவிட முடியாது: செர்பிய அரச குடும்பத்து யோவான் உரோஷ் அங்கே துறவியாகி, பெரிய மடத்தை விரிவாக்கினார். ஆனால் ஆட்சி துருக்கியர் கைக்குப் போன பிறகும் மடங்கள் நின்றன.

மண்டபேஸ்வர் அப்படி நிற்கவில்லை. 1534-இல் போரிவலி அடங்கிய சால்செட் தீவு போர்ச்சுக்கீசியர் வசமானது. அவர்கள் ஆதரவில் பிரான்சிஸ்கன் துறவி அந்தோனியோ தோ போர்த்தோ குகைக் கோயிலைத் தேவாலயமாக்கினார். மேலே மடமும் எழுந்தது. சிற்பத்தைச் செதுக்கியெடுத்துச் சிலுவை பொறித்த சுவரை இன்றும் காணலாம். நடராசர் தப்பியிருக்கிறார். 1739-க்குள் மராத்தியர் சால்செட்டைக் கைப்பற்றினர். காத்த ஆட்சி போனது, மடமும் இடிபாடானது.

கிறிஸ்தவம் அழியவில்லையே என்று கேட்கலாம். உண்மை, அருகே ஐ.சி. காலனியின் அமலோற்பவ மாதா கோவிலில் இன்றும் பூசை நடக்கிறது. ஆனால் அது பங்கு மக்களின் பலம். துறவிமடத்தின் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

மெட்டியோராவுக்கு மும்பையில் இணை தேடினால் கன்ஹேரியைத்தான் சொல்ல வேண்டும். 100-க்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள், பாறையிலேயே வெட்டிய நீர்த்தொட்டிகள், கல்யாண், சோபாரா வணிகரின் கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகள். சாதவாகனர் ஆட்சி முடிந்த பிறகும் பிக்குகள் அங்கே பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். மதம் வேறு, ஆள்பவர் மாறினாலும் நிலைத்த துறவு வாழ்க்கை இரண்டுக்கும் பொது.

ஆகவே, துறவிமடமாக மண்டபேஸ்வர் தோற்றது. மெட்டியோரா என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. வரலாற்றுச் சான்றாக அதன் மதிப்பு வேறு. சைவரின் உளியும் போர்ச்சுக்கீசியரின் சிலுவையும் மராத்தியர் வெற்றியின் விளைவும் ஒரே பாறையில் இருக்கின்றன. கீழே குகையை மட்டும் போற்றுவதும், மேலே இடிபாட்டை மட்டும் தேடுவதும் அரைப் பார்வை. போகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.