பெரிய டியூபாவா, கைக்கு அடங்கும் டியூபாவா?

ஆர்கெஸ்ட்ராவில் டியூபாவுக்குப் பெரும்பாலும் ஒரே ஓர் இருக்கைதான். அதில் உட்கார்ந்தவர் லேசில் எழுவதில்லை. ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை வாசித்தார். இடம் காலியாவது இவ்வளவு அரிது என்பதால், அமெரிக்காவில் ஆடிஷனுக்குத் தயாராகும் இளைஞர்கள் வாத்தியத் தேர்வை வாழ்வா சாவா என்று நினைக்கிறார்கள். கடன்பட்டாவது கடையில் உள்ளதிலேயே பெரிய டியூபாவை வாங்கிவிடுகிறார்கள். அது தவறான முடிவு என்பதே என் வாதம்.

முதலில் அளவுகள். பி பிளாட் டியூபாவின் குழாயை நீட்டினால் ஏறக்குறைய 18 அடி வரும். சி 16 அடி, ஈ பிளாட் 13, எஃப் 12. குழாய் நீள நீள அடிப்படைச் சுருதி இறங்கும். ஜெர்மனியில் எஃப், பி பிளாட் இரண்டையும் வைத்திருப்பார்கள். பிரிட்டனில் ஈ பிளாட்டுக்கு மதிப்பு அதிகம். அமெரிக்காவில் சி, துணைக்கு ஒரு எஃப். சி டியூபாவில்தான் விரலமைப்பு எளிது என்று அமெரிக்கர்கள் சொல்லும் காரணம் பலவீனமானது. அதே வாக்னரையும் புரூக்னரையும் ஜெர்மானியர்கள் பி பிளாட்டில் வாசிக்கிறார்களே! ஆடிஷனின் முதல் சுற்றுகளில் வாசிப்பவருக்கும் தேர்வுக் குழுவுக்கும் நடுவே திரை தொங்குகிறது. குழாயின் நீளமோ கம்பெனியின் பெயரோ திரையைத் தாண்டிப் போகாது. போவது சுருதி, தாளம், ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்கும் தெளிவு, நாதத்தின் கனம். வாத்தியத்தை எடைபோடவும் இந்த நான்கே போதும்.

பெரிய டியூபா மோகத்துக்கு மூலம் ஒரு யார்க் டியூபா. மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸில் இருந்த யார்க் கம்பெனி, 1930களில் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவின் பிலிப் டொனடெல்லிக்காக அதைச் செய்தது. அவருடைய உடல்வாகுக்கு அது ஒத்துவரவில்லை. கர்டிஸ் இசைப்பள்ளியில் அவரிடம் படித்துக்கொண்டிருந்த ஜேக்கப்ஸ் 175 டாலருக்கு, தவணை முறையில், அதை வாங்கிக்கொண்டார். அதன் நாதம் உலகப் புகழ் பெற்றது. யமஹா, ஹிர்ஸ்புரன்னர் போன்ற கம்பெனிகள் அதைப் பார்த்துப் பெரிய டியூபாக்களைச் செய்தன. ஆனால் இந்தக் கதை சொல்லும் பாடம் வேறு. ஆசிரியருக்குப் பொருந்தாத வாத்தியம் மாணவருக்குப் பொருந்தியது, அவ்வளவுதான். ஜேக்கப்ஸ் கடைசிவரை மாணவர்களுக்குச் சொன்னது, வாசிக்கப்போகும் நாதத்தை முதலில் மனத்துக்குள் கேளுங்கள் என்பதையே. வாத்தியத்தை நகலெடுத்தவர்கள் பலர் அந்தப் பாடத்தை விட்டுவிட்டார்கள்.

ஆடிஷனில் கேட்கப்படும் பகுதிகளை வைத்தே பார்ப்போம். புரோகோஃபீவின் ஐந்தாம் சிம்பொனிக்குக் கீழ் ஸ்தாயியில் கனமும் நீளமான மூச்சும் வேண்டும். இங்கே பெரிய டியூபாவின் பலத்தை மறுக்க முடியாது. ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் அது அடியிலிருந்து தாங்குகிறது. ஆனால் மாலரின் முதல் சிம்பொனி, மூன்றாம் பகுதியில் டியூபா தனியாக, மிக மெல்லிய ஒலியில் நுழைய வேண்டும். வாக்னரின் ‘மைஸ்டர்சிங்கர்’ முன்னிசையில் நீண்ட மெட்டைப் பிசிறில்லாமல் கொண்டுபோய் ட்ரில்லோடு முடிக்க வேண்டும். இங்கெல்லாம் பெரிய குழாய் தாமதமாகப் பேசுகிறது. ஸ்வரத்தின் விளிம்பு மழுங்குகிறது. முதல் சுற்றில் குழு ஆளைக் கழிப்பது பெரும்பாலும் கனம் குறைந்ததற்காக அல்ல, தெளிவு குறைந்ததற்காக.

அடுத்தது சுருதி. எந்தக் குழாயிலும் ஐந்தாம் அனுசுரம் (ஹார்மானிக்) பியானோவின் சுருதியைவிட 14 சென்ட் தாழ்ந்திருப்பது இயற்கை. சி டியூபாவில் அது நடு ஸ்தாயியின் ஈ ஸ்வரம். வால்வு எதையும் அழுத்தாமல் வாசித்தால் இறங்கி ஒலிக்கும். அதனால் பலர் முதல் இரண்டு வால்வுகளைச் சேர்த்து அழுத்தி, ஆறாம் அனுசுரத்திலிருந்து அந்த ஸ்வரத்தை எடுப்பார்கள். நல்ல வாசிப்பாளரின் இடது கையைக் கவனியுங்கள். முதல் வால்வின் ஸ்லைடைப் பிடித்தபடி, ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஒரு விரற்கடை இழுத்தும் தள்ளியும் சுருதி சேர்த்துக்கொண்டே இருக்கும். எங்கே எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது ஒரே மாடலிலும் வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். ஆகவே மாடல் பெயரைச் சொல்லி வாங்கக் கூடாது. சுருதிமானியை எதிரே வைத்து, வாங்கப்போகும் அதே வாத்தியத்தில் எல்லா ஸ்வரத்தையும் வாசித்துப் பார்த்தே வாங்க வேண்டும். 4/4, 6/4 என்ற அளவுக் குறிகளுக்கும் கம்பெனிகளிடையே பொது இலக்கணம் கிடையாது. குறியை நம்பாமல் காதை நம்ப வேண்டும்.

மனமகிழ்ச்சிக்காக வாசிப்பவருக்குக் கணக்கே வேறு. தனிக் கச்சேரி, பிராஸ் பேண்டு, நண்பர்களோடு குவின்டெட் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுப்பது பிரிட்டிஷ் ஈ பிளாட். டேவிட் பிளெய்க்லி 19ஆம் நூற்றாண்டில் வகுத்த ஈடுசெய் அமைப்பு இதில் உண்டு. நான்காம் வால்வை அழுத்தினால் காற்று மற்ற வால்வுகளின் வழியே இரண்டாம் முறை போய்வரும். குறைகிற நீளத்தைச் சிறு துணைக்குழாய்கள் நிரப்பும். எடை கூடுவதும், கீழ் ஸ்தாயியில் காற்று கொஞ்சம் முட்டுவதும் அதன் குறைகள். ஆனாலும் லண்டன் சிம்பொனியில் ஜான் ஃப்ளெட்சர் இந்த ஈ பிளாட்டிலேயே பெயர் பெற்றார். இது தொழிலுக்கு ஆகாது என்ற பேச்சுக்கு அதைவிட நேரடியான மறுப்பு இல்லை.

என் தீர்ப்பு இது. அமெரிக்க ஆடிஷனுக்கு நடுத்தர அளவில், ஐந்து வால்வு சி டியூபா முதலில். அது முழுக்க வசப்பட்ட பிறகு எஃப். பெரிய டியூபா, வேலை கிடைத்து அந்த அரங்கத்தில் வாசித்துக் கேட்ட பிறகு. ஆடிஷன் எண்ணமே இல்லாதவர் தயங்காமல் ஈ பிளாட் வாங்கலாம். இரண்டு ஆசையும் உண்டு, பணம் ஒன்றுக்குத்தான் என்றால் நடுத்தர சி. மூச்சுக்கு அடங்கும் வாத்தியத்தைத்தான் வீட்டில் தினமும் எடுக்கத் தோன்றும். தினமும் எடுத்தவரே ஆடிஷனிலும் தேறுவார்.