தமிழ் எழுத்துருத் தொகுப்பும் மேலாண்மை மென்பொருள்களும்: ஒரு மதிப்பீடு

எழுத்துரு மேலாண்மை மென்பொருள் என்பது கணினியில் சேர்ந்துள்ள எழுத்துருக்களை வகைப்படுத்தவும், நிறுவாமலேயே அவற்றின் வடிவத்தைப் பார்க்கவும், தேவையானவற்றை மட்டும் தற்காலிகமாக இயக்கவும் பயன்படும் கருவி ஆகும். நெக்சஸ்ஃபான்ட், ஃபான்ட்பேஸ், மெயின்டைப், ஆப்பிள் கணினிகளின் ஃபான்ட் புக், லினக்சின் ஃபான்ட் மேனேஜர் ஆகியவை பலர் அறிந்தவை. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஆங்கில எழுத்துருக்களை வைத்தே ஒப்பிடுகின்றனர். தமிழ் எழுத்துருக்களை நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவருக்கு அந்த அளவுகோல் போதாது. தமிழில் முதலில் பிரிக்கப்பட வேண்டியது குறியாக்கம். அதைத் தானாகப் பிரித்துத் தரும் வசதி மேற்கண்ட ஐந்தில் எதிலும் இல்லை.

தமிழ்த் தொகுப்பின் தனிச்சிக்கல்

ஆங்கில எழுத்துருக்கள் ஆயிரம் இருந்தாலும் ஓர் எழுத்துக்கு எல்லாவற்றிலும் ஒரே இடம்தான். எனவே தடிப்பு, சாய்வு, குடும்பம் என்று பிரித்தாலே வேலை முடிந்துவிடும். தமிழில் ஒருங்குறி பரவுவதற்கு முன், எழுத்துரு உருவாக்கிய ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைத் தம் விருப்பப்படி அமைத்தனர். பாமினியில் திரையில் 'தமிழ்' என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அதையே வானவில் அவ்வையாருக்கு மாற்றினால் பொருளற்ற எழுத்துக் குவியல் கிடைக்கும்.

இக்குழப்பத்தைக் குறைக்க இணையத் தமிழர்களின் கூட்டு முயற்சியால் திஸ்கி உருவானது. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்னும் இரண்டு தரங்களை அறிவித்தது. 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் குறியாக்கத்தையும் ஏற்றது. ஒவ்வொரு தரம் வந்தபோதும் பழையவை மறையவில்லை. அவற்றோடு புதியவையும் சேர்ந்தன. நெல்லிக்குப்பம், நெய்வேலி போன்ற ஊர்களில் டி.டி.பி. தொழில் செய்வோரின் கணினிகளில் இவை அனைத்தும் ஒரே கோப்புறையில் கலந்து கிடப்பது இயல்பு.

இதில் வேறொரு வேற்றுமையும் உண்டு. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய ணை, லை, றா போன்ற வடிவங்களைக் கொண்ட எழுத்துருக்களும் உள்ளன. பழைய நூலை அதே தோற்றத்தில் மறுபதிப்பு செய்வோருக்கு இவை தேவை. மாணவர்களுக்கான வினாத்தாளில் இவை தவறி நுழைந்தால் படிக்கும் பிள்ளைகள் திணறுவார்கள்.

இழக்கக்கூடியது எது?

பள்ளி விழா மலர், கோயில் தல வரலாறு, ஊர்ப் பெரியவர் எழுதிய நினைவுக் குறிப்பு போன்றவை பல ஊர்களில் பேஜ்மேக்கர் கோப்புகளாகவே உள்ளன. உரிய எழுத்துரு காணாமற்போனால், அக்கோப்பில் எஞ்சுவது ஆங்கில எழுத்துகளின் சிதறல்தான். நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் பழைய குறியாக்கங்கள் பலவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தருகின்றன. ஆனால் உரை எந்தக் குறியாக்கத்தில் உள்ளது என்பதை நாம்தான் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். மதுரைத் திட்டம் திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவர முடிந்தது; அவற்றின் குறியாக்கம் வெளிப்படையாக அறியப்பட்ட ஒன்றாக இருந்ததே அதற்கு வழிசெய்தது. ஆகவே எழுத்துருவை அடுக்கி வைப்பது அழகுக்கான வேலை அன்று. அது உரையைக் காப்பாற்றும் வேலை.

மென்பொருள்கள்

நெக்சஸ்ஃபான்ட் விண்டோசுக்கான இலவச மென்பொருள். யூ.எஸ்.பி.யில் வைத்தும் இயக்கலாம். வட்டில் உள்ள கோப்புறைகளை உள்ளபடியே காட்டுகிறது. அது திறந்திருக்கும் வரை, அதில் இயக்கப்பட்ட எழுத்துருக்கள் மற்ற மென்பொருள்களிலும் கிடைக்கும். முன்தோற்ற வாக்கியத்தை நாமே தட்டச்சு செய்யலாம். இரட்டைப் படிகளையும் கண்டறியலாம். கைமாறி வந்த தொகுப்புகளில் ஒரே எழுத்துரு பல கோப்புகளாக இருப்பதால் இது பெரிய உதவி. புதிய பதிப்புகள் அடிக்கடி வருவதில்லை என்பது குறை.

ஃபான்ட்பேஸ் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். தோற்றம் எளிமையானது. அடிப்படை வசதிகள் இலவசம். கூடுதல் வசதிகளுக்குக் கட்டணம் உண்டு. கூகுள் எழுத்துருக்களை அதற்குள்ளேயே பார்க்கலாம் என்பதால் கேட்டமரான், மீரா இனிமை, ஹிந்த் மதுரை, முக்தா மலர் போன்ற ஒருங்குறி எழுத்துருக்களைத் தேடுவோருக்கு ஏற்றது. பழைய எழுத்துருக்களைப் பொறுத்தவரை நெக்சஸ்ஃபான்ட்டைவிடக் கூடுதலாக எதையும் தரவில்லை.

மெயின்டைப் விண்டோசுக்கானது. எழுத்துருவின் உள்விவரங்களையும் ஒவ்வோர் எழுத்து வடிவத்தையும் விரிவாகக் காட்டுகிறது. பெயர் தெரியாத எழுத்துருவின் குறியாக்கத்தைக் கண்டறிய இந்த வசதி பயன்படும். வடிவமைப்பாளருக்கு ஏற்றது; வீட்டில் பயன்படுத்துவோருக்குச் சற்று மிகை.

ஃபான்ட் புக், ஃபான்ட் மேனேஜர் இரண்டும் ஓர் எழுத்துரு எந்த மொழிகளுக்கு உதவும் என்று காட்டுகின்றன. தமிழர் முதலில் மகிழ்வதும் பிறகு ஏமாறுவதும் இங்கேதான். ஒருங்குறியில் தமிழுக்குரிய 128 இடங்களைப் பார்த்தே இவை தமிழ் என்று முடிவு செய்கின்றன. பாமினியில் அந்த இடங்கள் காலி. எனவே அது ஆங்கில எழுத்துருவாகவே கணக்கில் வரும். 'தமிழ்' என்று வடிகட்டினால் பழைய தொகுப்பு முழுவதும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அவை தேவையற்றவை என்று எண்ணி அழித்துவிடும் ஆபத்தும் உண்டு.

தேர்வுக்கான அளவுகோல்

தமிழ்த் தொகுப்புக்கு மென்பொருள் தேர்வு செய்வோர் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். முன்தோற்ற வாக்கியத்தை நாமே மாற்ற முடியுமா? நிறுவாமல் எழுத்துருவை இயக்க முடியுமா? நம் வகைப்பாடு கோப்புறையில் இருக்கிறதா, அல்லது மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கிறதா? மூன்றாவதே முக்கியம். குறிச்சொற்கள் தரவுத்தளத்துக்குள் மட்டும் இருந்தால், கணினி மாறும்போது உழைப்பு வீணாகலாம். இம்மூன்றையும் வைத்துப் பார்த்தால் விண்டோஸ் பயனர்களுக்கு நெக்சஸ்ஃபான்ட்டே முதல் தேர்வு. மற்ற இயங்குதளங்களுக்கு ஃபான்ட்பேஸ் ஏற்றது.

எதைத் தேர்ந்தாலும் கோப்புறைகளைக் கையால் பிரித்தாக வேண்டும். ஒருங்குறி, திஸ்கி, டாம், டாப், பாமினி, வானவில், அறியப்படாதவை என்று பெயரிடலாம். பிரிப்பதற்குச் சோதனை வரிகள் இரண்டு போதும். முதலாவது, மேலே சொன்ன ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அதைத் தட்டியதும் 'தமிழ்' என்று தெரிந்தால் அந்த எழுத்துரு பாமினி வகை. இரண்டாவது ஒருங்குறி வரி. அதில் கொ, கோ, கௌ, ணை, ஸ்ரீ, க்ஷ, ஃ ஆகியவை இருக்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் அந்த எழுத்துரு அரைகுறையானது என்று ஒதுக்கலாம். இரண்டிலும் தேறாதவற்றை 'அறியப்படாதவை' கோப்புறையில் வைத்துப் பின்னர் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டைப் 1 வகைக் கோப்புகளைத் தனியே வைப்பது நல்லது. அடோபி நிறுவனம் 2023 சனவரியில் தன் மென்பொருள்களில் அவ்வகைக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. உரிமத்தையும் கவனிக்க வேண்டும். திறந்த எழுத்துரு உரிமம் பெற்றவற்றைப் பிறருக்குத் தாராளமாகத் தரலாம். விலைக்கு வாங்கியவற்றை அப்படித் தர இயலாது.

கடைசியாக, ஒவ்வொரு பழைய ஆவணத்தையும் அதன் எழுத்துரு இன்னும் இயங்கும்போதே எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். ஆகவும் ஒருங்குறி உரையாகவும் மாற்றி, அதே கோப்புறையில் சேர்த்து வைக்க வேண்டும். இந்த ஒரு வேலையை எந்த மேலாண்மை மென்பொருளும் நமக்காகச் செய்து தருவதில்லை.