துவாரமும் விளக்கமும்

விஞ்ஞானக் கற்பனைப் படங்களில் காணும் ஓட்டைகளை அடைத்தே தீரவேண்டுமா? 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கோளையே பொடியாக்க வல்ல ‘டெத் ஸ்டார்’ எனும் மாபெரும் போர்நிலையம், இரண்டே மீட்டர் அகலமுள்ள துவாரத்தில் புகுந்த குண்டுகளால் வெடித்துச் சிதறுகிறது. அதைக் கட்டியோர் இத்துணைப் பேதையரா என்று பலர் நகைத்தனர். (காற்றற்ற வெளியில் வெடியோசை கேட்பது அவர்களை உறுத்தவில்லை போலும்!)

39 ஆண்டுகளுக்குப்பின், 2016-இல், ‘ரோக் ஒன்’ படம் விடை கூறிற்று. கட்டாயத்தின்பேரில் அந்நிலையத்தை உருவாக்கிய விஞ்ஞானி கேலன் எர்சோ, அதன் உலையில் வேண்டுமென்றே ஒரு பலவீனத்தை ஒளித்து வைத்தாராம்.

நாம் கேட்கிறோம்: முதற் படத்திலேயே விடை இல்லையா? ஒருவர் மட்டும் செலுத்தும் சிறு விமானத்தைப் பேரரசு ஆபத்தாகவே கருதவில்லை என்று, தாக்குதலுக்கு முன் கிளர்ச்சிப் படைத்தலைவர் தெளிவாகவே சொல்கிறார். ஆபத்து உண்டென அதிகாரி ஒருவர் எச்சரித்தபோதும், வெற்றி வேளையில் வெளியேறுவதா எனத் தளபதி டார்க்கின் மறுத்துவிடுகிறார், அங்கேயே மாள்கிறார். ஓட்டை எனப்பட்டது அவர்தம் செருக்கே. புதிய விளக்கமோ அவ்வழிவின் பெரும்பங்கைச் செருக்கிடமிருந்து பறித்து, ஒரு விஞ்ஞானியின் சூழ்ச்சிக்கு எழுதிவைத்துவிட்டது.

ஆயினும் ‘ரோக் ஒன்’ படத்தை நாம் வெறுத்தொதுக்கவில்லை. ஒளியுருவாய்த் தோன்றும் கேலன், பிரிந்த தம் மகள்பால் கொண்ட அன்பையும் அந்த இரகசியத்தையும் ஒருசேர உரைக்கும் காட்சி உள்ளத்தை உருக்குகிறது. துவாரத்தைப் பற்றி ஐயமே கொள்ளாதவரும் அக்காட்சியில் கலங்குவர்.